பதினாறடித் தெரு

ஜனவரி 7, ஞாயிறு

கடைசி விளக்குக் கம்பமும் நட்டாயிற்று. நான் சொன்ன இடத்தில் அல்ல, இரண்டடி தள்ளி. காலையிலேயே தொண்டை வற்றக் கத்தினேன். "எங்க நின்னா என்னய்யா, வெளிச்சம் ஒண்ணுதான?" என்கிறான் லைன்மேன். "எஞ்சினியரய்யா, கோவப்படாதிய" என்று வேறு சமாதானம். நான் எஞ்சினியர் இல்லையடா, கட்டடக்கலைஞன். இந்த ஊரில் இன்னும் எத்தனை பேருக்கு இதைச் சொல்லித் தொலைப்பது?

இரண்டடி தள்ளினால் வெளிச்சம் வேப்பங்கன்றின் பின்னால் விழும். நாளைக்கு மரம் வளர்ந்தால் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிறவள் முகத்தில் நிழல்தான் இருக்கும். அவனுக்கு எங்கே புரியப்போகிறது! பிடுங்கி நடச் சொல்லிவிட்டேன். முனகிக்கொண்டே நட்டான்.

நாற்பது வருஷத்தில் நான் வரைந்த ஊர்களில் கட்டி முடிந்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் யார் யாருடைய அலுவலக பீரோவிலோ சுருண்டு கிடக்கிறது. நகரமைப்புத் துறையில் எனக்குப் 'பனைமரம்' என்று பட்டப்பெயர். பனைமரத்துக்கு மேல் மனிதனுக்கு வீடு கட்டக் கூடாது, அதற்கு மேலே போனால் கீழே போகிற கீரைக்காரியைக் கூப்பிட முடியாது என்று ஒரு கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஆவுடையப்பன் என்ற பெயரை எல்லோரும் மறந்துபோனார்கள். வேலை பார்த்த கம்பெனியில் இருபது மாடிக் கோபுரம் ஒன்றை வரையச் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தவன் நான். அப்புறம் யாரும் பெரிதாக எதுவும் தரவில்லை.

கடைசியில் கூப்பிட்டது இந்த மில் தொழிலாளர்கள். மில்லை மூடி, மில் கட்டிக்கொடுத்து வரிசை வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகளையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சங்கமாகச் சேர்ந்து திருநெல்வேலிக்கு வடக்கே நிலம் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள். வண்டிகளுக்குச் சுற்றிலும் அகலச் சாலை, உள்ளே மனிதர்களுக்கு மட்டும் பதினாறடித் தெருக்கள். என் கூலிக்குப் பதிலாக முதல் தெருவின் மூலை வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டு வருஷமாக இங்கேதான் சிமெண்ட் மூட்டைகளோடு படுத்திருக்கிறேன்.

வடிவுக்குப் போன் செய்தேன். தை பிறந்ததும் வருகிறேன் என்றாள். உங்கள் தெரு என்றைக்குக் கட்டி முடிகிறதோ அன்றைக்கு வந்து இருப்பேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னவள் அல்லவா!


ஜனவரி 10, புதன்

ஐந்தாம் தெருவுக்குத் தளக்கல் பாவி முடித்தார்கள். கூப்பிட்டுப் பார்த்தோம்.

இது என் வழக்கம். நான் ஒரு வாசலில் நின்று, வீட்டுக்குள் பேசுகிற சாதாரணக் குரலில் ஒரு பெயரைக் கூப்பிடுவேன். எதிர் வாசலில் கொத்தனார் அதே குரலில் பதில் சொல்ல வேண்டும். கத்த வேண்டியிருந்தால் தெரு அகலம். முணுமுணுத்தாலே கேட்டுவிட்டால் குறுகல், அங்கே குடும்பம் நடத்த முடியாது. அளவு நாடாவெல்லாம் அப்புறம்தான்.

"வடிவு" என்றேன்.

"ஓய்" என்றார் சுடலை கொத்தனார். பிறகு இழுத்தார். "எல்லாத் தெருவுலயும் இந்தப் பேரத்தான் கூப்பிடுதிய. பேர மாத்துனா கேக்காதோ?"

"மூணெழுத்து. அளக்க வசதி" என்றேன்.

அடுக்களை மேடையையும் இன்று கொத்தனார் கிண்டல் செய்தார். மற்ற வீடுகளைவிட என் வீட்டில் மட்டும் தாழ்வாக இருக்கிறதாம். குள்ளமான ஆள் நின்று சமைக்க வேண்டாமா? எதற்குத்தான் கேள்வி கேட்பது என்று இல்லை.


ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பஸ் ஸ்டாண்டு மெஸ் மூடியிருந்தது. பிஸ்கட்டும் வாழைப்பழமும்.


ஜனவரி 18, வியாழன்

குலுக்கல் நடந்தது. சங்கச் செயலாளர் இசக்கிமுத்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். இரண்டு மாதம் முன்பே என்னிடம் கேட்டார்: "அய்யா, யாருக்கு எந்த வீடுன்னு நீங்களே சொல்லிருங்களேன். நாங்க சொன்னா ஆளுக்கு ஆள் சண்டைக்கு வருவாவ." எனக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? "எந்த வீட்ல யார் இருந்தா என்ன, தெரு ஒண்ணுதானே. குலுக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

சீட்டு எடுத்த சிலர் அழுதார்கள். சொந்த வீடு கிடைத்த சந்தோஷம்! எனக்கும் கண் கலங்கியது. என் எதிர் வீடு மாடத்தி என்பவளுக்கு விழுந்திருக்கிறது. நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தவள், வாட்டசாட்டமான ஆள், புருஷன் இல்லை. சீட்டைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.


ஜனவரி 22, திங்கள்

வந்துவிட்டார்கள்! டெம்போக்கள், கட்டில்கள், கோழிக்கூடு, ஒரு தையல் மெஷின், சாமி படங்கள். வாசலுக்கு வாசல் பால் பொங்கியது. நாற்பது வருஷம் தாளில் கோடாக இருந்த தெருவில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. யாருக்கும் தெரியாமல் மூலையில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மாடத்தி பால் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தவள், "நீங்க இன்னும் பால் காய்ச்சலியா?" என்றாள். அடுப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நான் கிழிக்கவில்லை.

"ஆள் வரணும்" என்றேன்.

"தை முடியதுக்குள்ள வரச் சொல்லுங்க. மாசியில வீடு மாறக் கூடாது."

நான் சாஸ்திரம் பார்க்கிறவன் இல்லை. ஆனால் காலண்டரைப் புரட்டினேன். பிப்ரவரி பன்னிரண்டு வரை தை இருக்கிறது.


ஜனவரி 27, சனி

சென்னையிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் புகைப்படக்காரரோடு வந்தார். 'மனித அளவில் ஒரு ஊர்' என்று கட்டுரையாம். தேடி வந்திருக்கிறார்களே என்று காபி வாங்க நானே ஓடினேன். நாற்பது வருஷம் கழித்து ஒருவன் கேட்கிறான், வாய் மூடுமா? நிழலைப் பற்றி, வாசலைப் பற்றி, கூப்பிடு தூரத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினேன்.

புகைப்படம் எடுக்கும்போது, "சார், ஆள் இல்லாம இருந்தா நல்லா இருக்கும். அந்தக் கொடியில் கிடக்கிற துணியும் வேண்டாம்" என்றார்கள். நானே போய் மாடத்தியிடம் சொன்னேன். ஈரத் துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எங்களத்தான் காமிக்கக் கூடாதோ?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

ஐந்து நிமிஷம்தானே என்றேன். படம் அருமையாக வந்திருக்கிறது. மாலை வெயில், தளக்கல், வரிசையாக வாசல்கள். ஒரு ஈ காக்கை இல்லை.


ஜனவரி 28, ஞாயிறு

வடிவுக்குப் போன். எடுக்கவில்லை. மத்தியானம் அவளே கூப்பிட்டாள். பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"எங்க இருக்க?" என்றேன்.

"அடுத்த வீட்லதான். நஸ்ரீன் மகளுக்குப் பிறந்தநாளு. நான்தான் கேசரி கிண்டுதேன்."

வடிவு இருப்பது பையன் வாங்கிப்போட்ட வீடு. பள்ளிக்கரணையில், பதினோராவது மாடியில். அவன் புனேவுக்கு வேலை மாறிப் போய்விட்டான், இவள் மட்டும் அங்கே. நான் அந்தக் கட்டடத்தில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சொன்னவன், சொன்னபடி இருக்கிறேன். இரண்டு தடவை சென்னை போனபோதும் கீழே காவலாளி கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வடிவுதான் லிஃப்டில் இறங்கி வந்தாள், டிபன் கேரியரோடு.

எப்போது வருகிறாய் என்று கேட்டேன். கேசரி அடிப்பிடிக்கிறது என்று வைத்துவிட்டாள்.


ஜனவரி 31, புதன்

தெரு சரியில்லை.

சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. உள்ளே டிவி ஓடுகிறது. பதினாறடி அகலத்தில், எதிரும் புதிருமாக, கைக்கெட்டும் தூரத்தில் முப்பது குடும்பம். ஒருத்தர் ஒருத்தரைக் கூப்பிடவில்லை. தண்ணீர் வரும் நேரத்தில் வெளியே வருகிறார்கள், பிடிக்கிறார்கள், போகிறார்கள். நான்காம் வீட்டுக்காரர் வாசலில் தார்ப்பாய் கட்டி மறைத்துவிட்டார். எதிரில் இருப்பவர்கள் வேறு ஷிப்டாம், வேறு லைனாம், முகப்பழக்கம்கூடக் கிடையாதாம்.

அளவில் எங்கே தவறு? நாடாவை எடுத்துத் திரும்ப அளந்தேன். பதினாறு அடி. ஒரு விரற்கடைகூட அதிகமில்லை.

காலையில் மட்டும் மாடத்தி சத்தமாக யாரையோ கூப்பிட்டாள், "ஏ பிச்சீ!" என்று. கூப்பிட்டுவிட்டுத் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். எதிரில் நான்தான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "பழக்க தோசம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.


பிப்ரவரி 2, வெள்ளி

மாடத்தி வந்தாள், கூடவே ஒல்லியாக, நெட்டையாக இன்னொருத்தி. குலுக்கல் அன்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். பெயர் பிச்சம்மாள். ஐந்தாம் தெருவின் கடைசி வீடு அவளுக்கு விழுந்திருக்கிறது.

"எஞ்சினியரய்யா, ஒண்ணு கேப்பேன், கோவப்படக் கூடாது" என்று ஆரம்பித்தாள் மாடத்தி. "லைன்ல இவ வீடு என் வீட்டுக்கு எதுத்தாப்ல. எனக்குக் கல்யாணமாகி வந்த நாள்லருந்து. எம் புருசன் செத்த அன்னைக்கு நான் கத்துனதுல மொத ஆளா ஓடி வந்தது இவதான். இப்ப நாலு தெரு தள்ளி. கூப்பிட்டா கேக்க மாட்டேங்கு. நீங்க ஒத்த ஆளு. உங்க வீட்ட இவளுக்கு விட்டுட்டு, இவ வீட்ட எடுத்துக்கிடுதியளா?"

வந்ததே கோபம்! இந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லும் யாருக்காக என்று இவளுக்குத் தெரியுமா? அடுக்களை ஜன்னல் எந்த உயரத்தில் வைத்தால் வடிவு எக்காமல் தெருவைப் பார்க்கலாம் என்று அளந்து வைத்திருக்கிறேன். முடியாது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன்.

"அவுக வந்துருவாவளா?" என்றாள் மாடத்தி.

"வருவாள்."

போகும்போது பிச்சம்மாள் என் வாசலில் நின்று எதிர் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனாள்.

இசக்கிமுத்துவிடம் விசாரித்தேன். மற்ற தெருக்களில் சங்கத்துக்குத் தெரியாமல் சாவியை மாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்களாம். "குலுக்குனது தப்பாப் போச்சுய்யா" என்றார். நல்ல மனுஷர். குலுக்கச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை.


பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று எல்லாவற்றையும் சொல்லி விடுவது என்று போன் செய்தேன். தை முடிய ஒரு வாரம்தான் இருக்கிறது, டிக்கெட் போடட்டுமா என்றேன்.

"நான் வரலீங்க" என்றாள்.

"தெரு முடிஞ்சா வருவேன்னு சொன்னியே?"

"சொன்னேன். முப்பத்தஞ்சு வருசத்துக்கு முந்தி."

தெருவைப் பற்றிச் சொன்னேன். வேம்பு, ஜன்னல், மேடை எல்லாம். கேட்டுக்கொண்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள், திட்டக்கூட இல்லை. கார்த்திகை மாசம் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். எழ முடியவில்லை. போன் ஹாலில் இருந்திருக்கிறது.

"சொவத்தத் தட்டுனேன். நஸ்ரீன் கேட்டுட்டா. அவ புருசன் கதவ ஒடச்சு வந்து தூக்குனாரு. இடுப்பெலும்பு தப்பிச்சுச்சு. பத்து நாள் அவதான் சோறு ஊட்டுனா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா பதினோராவது மாடிக்கு வந்துருவியளா?"

கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவளே மேலே சொன்னாள்.

"கூப்பிடு தூரம் கூப்பிடு தூரம்னு நீங்கதான சொல்லுவிய. எனக்குத் தட்டுற தூரத்துல ஆள் இருக்கு. இந்த வயசுல அத விட்டுட்டு வரச் சொல்லாதிய."

வைத்துவிட்டாள். நான் தாழ்வான மேடையின் பக்கத்தில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன். வடிவு தட்டியது நாலரை அங்குலச் சுவர். அந்த மாதிரிச் சுவரை எத்தனை மேடையில் கேலி செய்திருப்பேன்! தும்மினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும், இதுவா வீடு என்று கேட்பேன், எல்லோரும் கைதட்டுவார்கள்.


பிப்ரவரி 5, திங்கள்

எங்கும் போகவில்லை.


பிப்ரவரி 7, புதன்

காலையில் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மாடத்தி திறந்தாள்.

"அவ வரல" என்றேன். அதற்கு மேல் சொல்லக் கூடாது என்றுதான் போனேன். ஆனால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். அவள் உள்ளே வரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு வருஷத்தில் நான் இந்த ஊரில் இன்னொருத்தர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"பிச்சம்மாளை வரச் சொல்லுங்க" என்று சாவியை வைத்தேன்.

சாவியை அவள் எடுக்கவில்லை. "வடிவுங்கது அவுகதானா? கொத்தனாரு சொல்லுவாரு, நீங்க தெருத்தெருவா அந்தப் பேரக் கூப்பிட்டுக்கிட்டே திரிவியன்னு. நாங்க உங்களுக்குக் கிறுக்குன்னு நெனைச்சோம்."

"கிறுக்குதான்" என்றேன். சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.


பிப்ரவரி 8, வியாழன்

பிச்சம்மாள் பால் காய்ச்சினாள். அடுப்பின் பிளாஸ்டிக் உறையை அவள்தான் கிழித்தாள். "யாத்தா, இம்புட்டுத் தாழ்வா யாருக்குக் கட்டுனிய? இடுப்பு ஒடிஞ்சிரும் போலுக்கே" என்று குனிந்து நின்று பொங்கவிட்டாள். பால் நுரைத்து மேடையில் வழிந்தது.

என் பெட்டி, வரைபலகை, இரண்டு நாற்காலி. ஐந்தாம் தெருவுக்குக் கொண்டுபோக ஒரு தள்ளுவண்டி போதுமானதாக இருந்தது.


பிப்ரவரி 10, சனி

சாயங்காலம் முதல் தெரு வழியாக நடந்தேன். வேலை ஒன்றும் இல்லை, சும்மா.

"ஏ பிச்சீ, உப்பு இருக்கா?"

"இருக்கு, வா."

கத்தவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. வீட்டுக்குள் பேசுகிற சாதாரணக் குரல். நான் நாற்பது வருஷமாகத் தாளில் வரைந்தது இந்த இரண்டு வரியைத்தான். நான்காம் வீட்டுத் தார்ப்பாயையும் காணோம், அங்கே ஆள் மாறிவிட்டது. ஒருத்தி கொடியில் துணி போட்டுக்கொண்டே எதிர் வீட்டுக்காரியை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். தெருவே சலசலவென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் மாடத்தி, "வாங்கய்யா, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

ஐந்தாம் தெருக் கடைசி வீட்டுக்கு எதிர் வீடு இன்னும் பூட்டியிருக்கிறது. வாசலில் நின்று பழக்கத்தில் கூப்பிட்டேன். பூட்டிய கதவு அப்படியே இருந்தது. இந்தத் தெருவில் குறை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இங்கே கூப்பிட ஆள் இல்லை.

நாளை ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.


பிப்ரவரி 12, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு அந்தக் கட்டடத்தின் வாசலுக்கு வந்தேன். காவலாளிக்கு என்னை ஞாபகம் இருக்கிறது. வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வேண்டாம், மேலே போகணும்" என்றேன். அவருக்கே ஆச்சரியம்.

லிஃப்டில் ஏறினேன். பனைமரம் எந்த மாடியில் முடிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினோராவது மாடியில் கதவு திறந்தது. ஒடுங்கலான நடை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். வீட்டு எண் தெரியாது. எப்போதாவது கேட்டிருந்தால்தானே! கைபேசி ரயிலிலேயே அணைந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அசட்டுத்தனமாக நின்றேன். ஒரு கதவுக்குப் பின்னால் குக்கர் சத்தம், இன்னொன்றில் யாரோ ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று விரட்டுகிற சத்தம்.

வேறு என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்தேன். சாதாரணக் குரலில் கூப்பிட்டேன்.

"வடிவு."

ஒரு கதவு திறந்து தலையில் முக்காடு போட்ட இளம்பெண் எட்டிப் பார்த்தாள். "யார் சார் நீங்க?"

நான் யார் என்று யோசிப்பதற்குள், அவளுக்குப் பின்னாலிருந்து, அந்த வீட்டு அடுக்களைக்குள்ளிருந்து, சாதாரணக் குரலில் பதில் வந்தது.

"இந்தா வாரேன்."

எத்தனை தெரு, எத்தனை வாசல்! அந்தப் பெயருக்கு எல்லா இடத்திலும் கொத்தனார்தான் "ஓய்" என்றிருக்கிறார்.

கையில் மாவோடு வந்தாள். என்னையும் பெட்டியையும் பார்த்தாள். "என்ன இது, திடீர்னு?" என்றாள்.

"மாசியில வீடு மாறக் கூடாதாம். இன்னைக்குத் தை கடைசி" என்றேன்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்திருந்த தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். நான் அப்படியே உள்ளே நுழையப் போனேன்.

"செருப்ப வெளிய விடுங்க" என்றாள்.